எதிர்க்கரை உடைந்த அன்று

அந்த மாதம் சலவைக்கடைக்காரிக்கு மூச்சுவிட நேரமில்லை. மழை விடாமல் பெய்தால் ஊரில் மற்ற தொழில்கள் எல்லாம் படுத்துவிடும். அவள் தொழில் மட்டும் எழுந்து உட்காரும். வீட்டில் துணி காயாதவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவளிடம்தான் வந்தார்கள். போதாக்குறைக்கு ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் வேறு. உலர்த்தும் இயந்திரம் காலையில் உறும ஆரம்பித்தால் இருட்டும்வரை ஓயாது. அந்தச் சூட்டில் கடைச் சுவர்கள் வியர்த்து வழிந்தன. முன்பக்கம் நிறைந்து, நடை நிறைந்து, கடைசியில் உள்ளறையில் அப்பாவுக்காகப் போட்டு வைத்திருந்த கட்டிலின் மேலும் மூட்டைகள் ஏறிவிட்டன.

அப்பா அப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம், தங்கை வீட்டில் இருந்தார். போக்குவரத்துக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இடக்கை மட்டும் இன்னும் பணியில் இருந்தது. படுத்தபடியே வீட்டுப் போக்குவரத்தை அவர்தான் ஒழுங்குபடுத்துவார். உள்ளங்கையை விரித்தால் நில். விரல்களை மடக்கி ஆட்டினால் வா. வெளிப்பக்கமாக வீசினால் போ.

"இன்னைக்கு மட்டும் என்னை எத்தனை தடவை நிறுத்திட்டாரு தெரியுமாக்கா? லைசென்ஸ் மட்டும்தான் கேக்கல" என்று சின்னவள் போனில் சொல்லிச் சிரிப்பாள்.

அக்காவும் தங்கையும் அவரை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பது என்று ஏற்பாடு. இந்த முறை பெரியவள் வீட்டுக்கு அவர் வந்திருக்க வேண்டும். "கடையில காலை வைக்க இடமில்லடி. மழை நிக்கட்டும், நானே வந்து கூட்டிட்டு வந்துடறேன்" என்றாள் பெரியவள். சின்னவள் மறுபேச்சுப் பேசவில்லை. அவள் எப்போதுமே அப்படித்தான்.

மழை நிற்கவில்லை. ஒரு புயல் கரையேறி, போக மனமில்லாதது போல மலைப்பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு கொட்டித் தீர்த்தது. அந்தத் தண்ணீர் எல்லாம் ஆற்றில் வந்து சேர்ந்தது. ஆற்றின் இரண்டு பக்கமும் மண்கரைகள். இரண்டும் ஒரே காலத்தில், ஒரே உயரத்தில் போட்டவை. கரைக்கு வெளியே இரண்டு ஊர்களுமே ஆற்றைவிடத் தாழ்வாகக் கிடந்தன. பெரியவளின் தெரு முடிகிற இடத்தில் படியேறினால் கரை. சாதாரண நாளில் மேலே நின்று குனிந்து ஆற்றைப் பார்ப்பார்கள். இப்போது குனிய வேண்டியிருக்கவில்லை.

பாலத்தை மூடிவிட்டார்கள். கரையில் ஆண்கள் முறைபோட்டு மணல் மூட்டை அடுக்கினார்கள். அடுக்கும்போது எல்லோரும் எதிர்ப்பக்கத்தைத்தான் பார்த்தார்கள். ஒருவரும் முதலில் வாய்விட்டுச் சொல்லவில்லை. அப்புறம் ஒருவர் சொன்னார், பிறகு எல்லோருமே சொன்னார்கள்: அந்தக் கரை போனால் இந்தக் கரை தப்பிக்கும்.

அன்று மதியம் பெரியவள் விரிப்புகளை மடித்துக்கொண்டே போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தங்கையோடு பேசினாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? இங்க எல்லாரும் உங்க கரை உடையணும்னு வேண்டிக்கிறாங்க."

"இங்க மட்டும் என்னவாம்? எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரம்மா உங்க ஊரை நினைச்சுத்தான் விரதமே இருக்காங்க."

"அப்ப கடவுள் யார் பேச்சைக் கேப்பாரு?"

"ரெண்டு பேரும் கத்துற கத்துல அவரு காதைப் பொத்திக்கிட்டிருப்பாரு."

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பெரியவள் இன்னொரு விரிப்பை எடுத்து உதறினாள்.

"நீங்க எப்ப கிளம்புறீங்க?" என்று பெரியவள் கேட்டாள்.

"என் வீட்டுக்காரரு பஸ்ஸுல ஆளுங்களை ஏத்தி ஏத்தி மேட்டுக்குக் கொண்டுபோய் விட்டுட்டு இருக்காரு. எங்களைக் கடைசி டிரிப்புல கூட்டிட்டுப் போறேன்னாரு. அப்பாவை உக்கார வெக்க முடியாதுல்ல, ரெண்டு சீட்டைக் கழட்டணுமாம். நாளைக்குக் காலையில வந்துடுவாரு." சின்னவளின் கணவன் பஸ் டிரைவர். சொன்ன சொல் தவறாத ஆள். "நீ கவலைப்படாதே. அப்பா கையை ஆட்டிட்டே இருக்காரு. தண்ணியையே நிறுத்திடுவாரு."

சாயங்காலம் காண்டிராக்டர் வந்தார். மணல் மூட்டை அடுக்கும் வேலையை முன்னின்று நடத்தியவர் அவர்தான். கூட இன்னும் சில ஆட்கள். கடைக்குப் பக்கத்திலேயே பெரியவளின் கணவனுடைய ஷெட். அவன் மெக்கானிக், தண்ணீர் மோட்டாரிலிருந்து படகு எஞ்சின்வரை எது கெட்டாலும் அவனிடம்தான் வரும். காண்டிராக்டரின் படகு எஞ்சின் அங்கே பிரித்தபடி கிடந்தது.

"இப்பவே வேணும்ப்பா" என்றார் காண்டிராக்டர்.

"இந்தத் தண்ணியில எங்கண்ணே போகப் போறீங்க?"

"சும்மா காவலுக்குத்தான். கரையோரமா ஒரு சுத்து சுத்திப் பாக்கணும்."

மெக்கானிக் வேறு எதுவும் கேட்கவில்லை. குனிந்து வேலையைப் பார்த்தான். பெரியவள் எல்லோருக்கும் டீ கொண்டுபோய்க் கொடுத்தாள். வாசலில் நின்ற வண்டியில் படகைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதற்கடியில் ஒரு சாக்கு; சாக்கின் வாயிலிருந்து மண்வெட்டிக் காம்புகளும் ஒரு கடப்பாரையும் நீட்டிக்கொண்டிருந்தன. மணல் மூட்டைக்கு மண் அள்ளத்தான் இருக்கும் என்று நினைத்தாள். அப்படி நினைத்துக்கொண்டாள் என்று சொல்வதுதான் சரி. காலி டம்ளர்களை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எஞ்சின் முதல் இழுப்பிலேயே கிளம்பியது. அவள் புருஷன் கைபட்ட எஞ்சின் எதுவும் இரண்டாவது இழுப்பைக் கேட்காது.

மறுநாள் காலை அவள் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது கரைப் பக்கம் விசில் சத்தம் கேட்டது. ஒன்று, அப்புறம் நிறைய. அபாயம் என்று நினைத்துத் தெருவே ஓடியது. அவளும் படியேறி ஓடினாள். மேலே ஆட்கள் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மருந்துக்கடைக்காரம்மா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "தப்பிச்சோம்டியம்மா, தப்பிச்சோம்" என்று அழுதாள். ஆறு இறங்கியிருந்தது. கரைச் சரிவில் இதுவரை தண்ணீர் தொட்டிருந்த இடம் ஈரப் பட்டையாகத் தெரிந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பட்டை அகலமானது.

எதிர்ப்பக்கம் பார்த்தாள். கரையில் ஓரிடத்தில் வாய் பிளந்திருந்தது. ஆறு அந்தப் பிளவுக்குள் திரும்பி, ஏதோ தன் வழி அதுதான் என்பதுபோல, அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் கூரைகள் தெரிய வேண்டிய இடத்தில் பழுப்பாக ஏதோ அசைந்தது.

போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி போட்டாள். சுற்றிலும் இருந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள். அவளுக்கு அங்கே யார் இருக்கிறார்கள் என்பது தெருவுக்கே தெரியும். மருந்துக்கடைக்காரம்மா மெல்ல அவளை விட்டுவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தாள். விசில் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது.

மெக்கானிக் ஷெட்டில் மண்ணெண்ணெயில் கையைக் கழுவிக்கொண்டிருந்தான். வேலை எதுவும் செய்திருக்கவில்லை, சும்மா கழுவிக்கொண்டிருந்தான்.

"என்னங்க, நேத்து காண்டிராக்டரும் ஆளுங்களும் எங்க போனாங்க?"

"காவலுக்குன்னாங்க."

"காவலுக்குப் போறவங்களுக்குக் கடப்பாரை எதுக்கு?"

அவன் நிமிரவில்லை. "அதை நானும் பாத்தேன்."

"பாத்துட்டுமா சரிபண்ணிக் கொடுத்தீங்க?"

"நீயும்தான் டீ கொடுத்தே" என்றான். குற்றம் சாட்டுகிற குரலில் அல்ல; மிகவும் களைத்துப்போன குரலில். "நீ பாக்கலியா?"

அவள் திரும்பிக் கடைக்குள் போய் இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள்.

காண்டிராக்டரும் மற்றவர்களும் சத்தியம் செய்தார்கள். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அந்தக் கரை தானாகவே போய்விட்டது, ஒரு மண்ணைக்கூட நாங்கள் கிளறவில்லை என்றார்கள். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அதைப் பார்த்த மண் ஆற்றோடு போய்விட்டது. கடைசிவரை யாருக்கும் உண்மை தெரியவில்லை.

மெக்கானிக் அதே படகை, அதே எஞ்சினோடு, யாரையும் கேட்காமல் இழுத்துக்கொண்டு வந்தான். பெரியவளும் ஏறினாள். உடைப்பின் பக்கம் போக முடியாது என்பதால் கீழே வெகுதூரம் சுற்றிக்கொண்டு போனார்கள். தங்கையின் ஊருக்குள் நுழைந்தபோது மழைகூட விட்டிருந்தது. தெருவின் அடையாளமே தெரியவில்லை. தெருவிளக்குகளின் தலைகள் மட்டும் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றை வைத்துத்தான் எது சாலை என்று கண்டுபிடித்தார்கள். ஒரு வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின்மேல் நாய் ஒன்று உட்கார்ந்திருந்தது. குரைக்கவில்லை. சின்னவளின் வீடு இருக்க வேண்டிய இடத்தில் கூரையின் விளிம்பு மட்டும் தெரிந்தது. மெக்கானிக் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டான். பெரியவளும் கூப்பிட்டாள். எதற்கும் பதில் இல்லை.

பள்ளிக்கூடத்தின் மாடி வராந்தாவில் சின்னவளைக் கண்டுபிடித்தார்கள். அவளையும் மகளையும் கூரையிலிருந்து வேறு யாரோ படகில் கொண்டுவந்து அங்கே விட்டிருந்தார்கள். மகளை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் எழுதியிருந்த பெருக்கல் வாய்ப்பாட்டின் கீழே உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. அக்காவைப் பார்த்ததும் அவள் எழுந்திருக்கவில்லை.

"அப்பா?" என்றாள் பெரியவள்.

"கட்டில் மட்டத்துக்குத் தண்ணி வந்துடுச்சுக்கா. இவளைத் தூக்கிக்கிட்டு ஏணிக்கு ஓடினேன். திரும்பிப் பாத்தேன். கையை வீசிக் காட்டினாரு. போ, போன்னு." சின்னவள் இடக்கையை உயர்த்தி வெளிப்பக்கமாக வீசிக் காட்டினாள். "அதான் போனேன்."

பெரியவள் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதாள். மெக்கானிக் வராந்தாவின் கோடியில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அன்று முழுவதும் அவன் அந்தப் படகில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனான், வந்தான். கண்ணில் பட்ட யாரையும் விடவில்லை. பெட்ரோல் தீர்ந்தபோது துடுப்புப் போட்டான்.

சின்னவளும் குழந்தையும் பெரியவள் வீட்டுக்கு வந்தார்கள். உள்ளறைக் கட்டிலின் மேலிருந்த மூட்டைகளைப் பெரியவள் இறக்கினாள். எல்லாவற்றையும் இறக்கிக் கீழே அடுக்கியபின் பார்த்தால் அறையில் நடக்க நிறையவே இடம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். சின்னவளும் பார்த்தாள். அந்தக் கட்டிலில் அம்மாவும் மகளும் படுத்துக்கொண்டார்கள்.

பஸ் டிரைவர் சுற்றுவழியாக வந்து சேரச் சில நாட்கள் ஆயின. கரை உடைந்த அன்று காலை அவன் சொன்னபடியே கிளம்பியிருந்தான். ஊர் எல்லைக்கு வரும்போது சாலை அவன் கண்ணெதிரே போய்விட்டது. சீட்டுகளைக்கூடக் கழற்றி வைத்திருந்தான். அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். "சீட்டைக் கழட்டிட்டேன் சகலை. கழட்டி, கீழ போர்வையெல்லாம் விரிச்சு வெச்சிருந்தேன்." மெக்கானிக் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். சகலையின் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை.

தெருவில் இரக்கம் பொங்கி வழிந்தது. சின்னவளுக்கு உடுப்பு வந்தது, போர்வை வந்தது, குழந்தைக்குப் பொம்மை வந்தது. வேண்டாம் வேண்டாம் என்றாலும் சாப்பாடு வந்தது. கொண்டுவந்து கொடுத்தவர்கள் யாரும் ஒரு நிமிடத்துக்குமேல் நிற்கவில்லை. அவர்களுடைய கண்கள் எல்லாம் சின்னவளின் தோளுக்குமேல் எங்கேயோ சுவரைப் பார்த்தன.

தப்பித்தோம் என்ற நிம்மதியும் நீடிக்கவில்லை. ஒரு நாள் காலை இந்தக் கரையின் உட்சரிவில், ஆற்றைப் பார்த்த பக்கம், பெரிய பாளமாக மண் சரிந்து தண்ணீருக்குள் விழுந்தது. பொதுப்பணித்துறை பொறியாளர் மழைக்கோட்டோடு வந்து நின்று வெகுநேரம் பார்த்தார். காண்டிராக்டரும் தெருக்காரர்களும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். பெரியவளும் போயிருந்தாள்.

"தண்ணிதான் இறங்கிடுச்சே சார், அப்புறம் ஏன் சரியுது?" என்று யாரோ கேட்டார்கள்.

"இறங்கினதாலதான் சரியுது" என்றார் பொறியாளர். "இத்தனை நாளா கரை ஊறிக் கிடந்துச்சு. ஆத்துத் தண்ணி முட்டுக் கொடுத்து நின்னுச்சு. அது சட்டுனு இறங்கிட்டதால முட்டு போயிடுச்சு, மண்ணுக்குள்ள இருக்கிற ஈரம் மட்டும் அப்படியே நிக்குது. மெதுவா வடிஞ்சிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது." கொஞ்சம் நிறுத்தி, "அந்தப் பக்கம் உடையாம இருந்திருந்தா இது நின்னிருக்கும்னு சொல்ல முடியாது. ஆனா இவ்வளவு மோசமா ஆகியிருக்காது" என்றார்.

காண்டிராக்டர் முகத்தில் ஈயாடவில்லை. கடலில் இன்னொரு புயல் உருவாகிவிட்டது என்றும், அதற்குள் இதைச் சரிசெய்ய முடியாது என்றும், ஊரைக் காலி செய்துகொள்ளுங்கள் என்றும் பொறியாளர் சொன்னார். அவர் சத்தம்கூடப் போடவில்லை. மருத்துவர்கள் சில சமயம் பேசுவார்களே, அப்படிப் பேசினார்.

பெரியவள் வீட்டுக்கு வந்தாள். சின்னவள் மொட்டைமாடியில், கொடியில் காயாத துணிகளுக்கு நடுவே, குழந்தையின் தலையை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். பெரியவள் குழந்தையைக் கீழே அனுப்பினாள். சொல்லாதே என்று மெக்கானிக் அவளிடம் கெஞ்சியிருந்தான். பாதிச் சோற்றில் எழுந்துபோய்க் கெஞ்சியிருந்தான். இத்தனை நாள் அவள் அதை மென்று விழுங்கிக்கொண்டு இருந்தாள். இனிமேல் முடியாது என்று இருந்தது.

எல்லாவற்றையும் சொன்னாள். எஞ்சின், சாக்கு, கடப்பாரை, தான் கொடுத்த டீ. நின்றுகொண்டே சொன்னாள்.

சின்னவள் சீப்பில் சிக்கியிருந்த முடியை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "தெரியும்" என்றாள்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்ல வேண்டாம். எங்க பக்கமும் ஒரு படகு தயாராகிட்டுதான் இருந்துச்சு. அன்னைக்குக் காலையில கிளம்பறதா இருந்தாங்க. டிப்போவுல இருந்து டீசல் எடுத்துக் கொடுத்ததே என் வீட்டுக்காரருதான்." அவள் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "நான் போன்ல சிரிச்சேன் இல்ல? அப்பவே எனக்குத் தெரியும்க்கா. டீசல் கேன் எங்க வாசல்லதான் இருந்துச்சு. அக்கா வீடும் அந்தப் பக்கம்தானே இருக்குன்னு அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டேன். அவங்க வீடு மேடுன்னாரு. மேடா உங்க வீடு?"

"இல்லடி."

"எனக்கும் தெரியும். இருந்தாலும் சரின்னுட்டேன்."

பெரியவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஈரத் துணிகள் இருவருக்கும் நடுவே ஆடின.

"உங்க ஆளுங்க முந்திக்கிட்டாங்க, அவ்வளவுதான்" என்றாள் சின்னவள். "நாங்க முந்தியிருந்தா அப்பா இருந்திருப்பாரு. நீ இருந்திருக்க மாட்டே."

"அப்படியே நடந்திருக்கலாம்."

"அப்படிச் சொல்லாதே. நான் அப்படியெல்லாம் நினைக்கல." சின்னவள் சீப்பைக் கீழே வைத்தாள். "ராத்திரியில சில சமயம் நினைக்கிறேன். பகல்ல நினைக்கல."

பிறகு சின்னவள் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "அப்பா கையை வீசிப் போகச் சொன்னாருன்னு சொன்னேன்ல? சொல்லல. என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. அந்த ஒரு கைக்கு அவ்வளவு பலம் எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியல. குழந்தை இடுப்புல தொங்குது, கத்துது. ஒவ்வொரு விரலா நான்தான் பிரிச்சேன்."

பெரியவள் அவளை அணைத்துக்கொள்ளக் கையை நீட்டினாள். சின்னவள் விலகவில்லை, சாயவும் இல்லை. நீட்டிய கை அவள் தோளில் கொஞ்ச நேரம் இருந்தது, அப்புறம் அதற்கு அங்கே வேலையில்லை என்று தெரிந்து திரும்பி வந்தது.

இரண்டாவது புயல் முதல் புயலைப்போல ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. அதற்கு அவசியமும் இல்லை. எதிர்க்கரையில் ஏற்கெனவே நிலமெல்லாம் நிறைந்து கிடந்ததால் அங்கே போக வேண்டிய தண்ணீருக்குப் போக இடமில்லை. ஆறு மறுபடி ஏறியது. சரிந்த இடத்தில் மணல் மூட்டைகளை அடுக்கிப் பார்த்தார்கள். அடுக்க அடுக்க வழுக்கிக்கொண்டு போயின. மதியம் கரையின் வெளிப்புறத்தில், மருந்துக்கடைக்குப் பின்னால், கரைக்கு அடியில் புகுந்த நீர் மண்ணிலிருந்து கலங்கலாகக் கொப்பளித்தது. இனி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாலும் பயனில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

பஸ் டிரைவர் தன் பஸ்ஸைத் தெருமுனைக்குக் கொண்டுவந்து நிறுத்தினான். யாரும் கேட்கவில்லை, அவனாகவே கொண்டுவந்தான். சீட்டுகள் கழற்றிய இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. அங்கே மூட்டைகளோடு ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். கடைசியாகக் காண்டிராக்டர் வந்தார். கையில் ஒரு பெட்டிகூட இல்லை. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, ஏறலாமா கூடாதா என்பதுபோல டிரைவரைப் பார்த்தார். அவருக்குத் தெரியும், யார் அந்த இருக்கையில் உட்கார்ந்திருப்பது என்று. டிரைவருக்கும் தெரியும், யார் படியில் நிற்பது என்று.

"உள்ள தள்ளி நில்லுங்க" என்றான் டிரைவர். "கதவைச் சாத்தணும்."

பெரியவள் கடையின் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். உள்ளே இயந்திரங்கள், ஊரார் துணிகள், துவைத்து மடித்துப் பெயர் ஒட்டி அடுக்கிய ஆஸ்பத்திரி விரிப்புகள். எதையும் மேலே ஏற்றவில்லை. பஸ் மேட்டுச் சாலையைத் தொட்டபோது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை; கனமான மூட்டை ஒன்றைத் தரையில் போட்டது போல. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டான். குழந்தை மட்டும் பின் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, "பெரியம்மா, உங்க தெருவுக்கும் வந்துடுச்சு" என்றாள்.

தண்ணீர் வடிய ஆரம்பித்த பிறகு, கிடைத்த உடல்களை எல்லாம் மேட்டு நகரத்தில் ஒரு ஐஸ் தொழிற்சாலையில் கொண்டுவந்து வைத்தார்கள். இரண்டு கரை மக்களையும் அங்கே ஒன்றாகத்தான் கிடத்தியிருந்தார்கள். அடையாளம் காட்ட வரச்சொல்லி, அவர்கள் தங்கியிருந்த நிவாரண முகாமில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அக்காவும் தங்கையும் போனார்கள். முகாமில் இருவரும் வேறு வேறு கூடங்களில் இருந்தார்கள். யாரும் பிரித்து வைக்கவில்லை. அவர்களாகவே அப்படி அமைத்துக்கொண்டார்கள்.

உள்ளே குளிர் எலும்பில் ஏறியது. முகமூடி போட்ட ஊழியர் ஒருவர் அவர்களை ஒவ்வொரு வரிசையாக அழைத்துப் போனார். முதியவர், ஆண், தங்கையின் தெருவுக்குப் பக்கத்தில் கிடைத்தவர் என்று ஒருவரைக் காட்டினார். தண்ணீரில் கிடந்த முகம். முகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஊழியர் துணியைக் காலிலிருந்து கொஞ்சம் விலக்கிக் காட்டினார்.

அப்பாவுக்கு இடது முழங்காலில் நீளமாகத் தையல் தழும்பு உண்டு. பணியில் இருந்தபோது ஒரு லாரி உரசிப்போன தழும்பு. இந்தக் காலில் தழும்பு இல்லை. அப்பாவின் பாதங்களும் இவ்வளவு சிறியவை அல்ல. பெரியவளுக்குப் பார்த்த கணத்திலேயே தெரிந்துவிட்டது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"ஆமா" என்றாள் சின்னவள். "இதுதான் எங்க அப்பா."

பெரியவள் அவளைப் பார்த்தாள். சின்னவள் அந்தப் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் அப்பாவைக் குளிப்பாட்டியவள் அவள்; கால் பிடித்துவிட்டவள், நகம் வெட்டியவள். அந்தத் தழும்பை அவளைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை.

"நீங்களும் மகள்தானே?" என்று ஊழியர் பெரியவளைக் கேட்டார். "உங்களுக்கும் உறுதிதானே?"

வெளியே நடைபாதையில் அவர்களுக்குப் பின்னால் நீண்ட வரிசை காத்திருந்தது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு புகைப்படம். உள்ளே வரும்போது அவற்றைப் பார்க்கக்கூடாது என்று தரையைப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள்.

"எங்க அப்பாதான்" என்றாள் பெரியவள்.

ஊழியர் துணியை மூடிவிட்டு, கட்டைவிரலில் கட்டியிருந்த எண்ணைச் சரிபார்த்துக்கொண்டு முன்னால் நடந்தார். சின்னவள் குனிந்து, துணிக்கு மேலாகவே, அந்த அந்நியரின் இடக்கை இருக்கும் இடத்தைத் தேடி ஒரு கணம் பிடித்துக்கொண்டாள். பிறகு விட்டுவிட்டு, அக்கா வருகிறாளா என்று பார்க்காமல், வாசலை நோக்கிப் போனாள்.